ஔடத தானமும் அபய தானமும்

நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. அபய தானமும் ஒன்று. நோயுற்றார்க்கு மருந்தளித்து உதவுவது முன்னது. அஞ்சி நிற்கும் உயிர்க்கு அச்சம் தீர்த்து அடைக்கலம் அளிப்பது பின்னது. அன்னம், சாத்திரம் ஆகிய மற்றை இரண்டோடு இவ்விரண்டையும் சேர்த்தே நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு விதித்தனர். ஒன்றைச் செய்யப் புகுந்தால் மற்றொன்றைக் கைவிட நேரும் என்னும் நிலையை ஒரு சிராவகர் எளிதில் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் இக்கால மருந்துகளுள் சில இவ்விரு தானங்களையும் எதிரெதிரே நிறுத்திவிடுகின்றன. கடுமையான ஆஸ்துமா நோய்க்கென வந்துள்ள உயிரியல் ஊசி மருந்துகள் அத்தகையவை. ஒரு குழந்தைக்கு மூச்சு விடும் ஆற்றலைத் தருகின்ற மருந்து, அதனை ஆக்கிச் சோதித்த வழியில் எலிக்கும் குரங்குக்கும் அச்சத்தையும் துன்பத்தையும் தந்திருக்கிறது.

அம்மருந்தை ஒரு சமணக் குடும்பம் ஏற்கலாமா? ஏற்பின் எம்மனநிலையோடு ஏற்பது? இவ்வினாவுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடையிறுப்பது எளிது. அவ்விரு விடைகளும் நம்மைச் சிந்தனையிலிருந்து விடுவித்துவிடும். ஆதலின், முதலில் செய்திகளை உள்ளவாறு அறிந்து, பிறகு அறத்தை ஆராய்வோம்.

நோயும் மருந்தும்

ஆஸ்துமாவை நம் முன்னோர் ஈளை என்றும் இழுப்பு என்றும் வழங்கினர். மூச்சுக்குழல்களைச் சூழ்ந்த தசை இறுகுகிறது, உட்சவ்வு வீங்குகிறது, கோழை பெருகி வழியை அடைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-ஆம் ஆண்டில் 26 கோடியே 20 இலட்சம் மக்களுக்கு இந்நோய் இருந்தது. அவ்வாண்டில் 4,55,000 பேர் இதனால் இறந்தனர். நோயாளரில் பெரும்பாலோர்க்கு இன்ஹேலர் வழியே உள்ளிழுக்கும் மருந்துகளே போதுமானவை. நூற்றுக்கு 5 முதல் 10 பேர்க்கு மட்டும் நோய் எம்மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. அவர்களுட் பலர் ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொள்ள நேர்கிறது. அம்மாத்திரைகளோ எலும்பை நலியச் செய்வன. சர்க்கரை நோயையும் கண்புரையையும் வரவழைப்பன. குழந்தைகளின் வளர்ச்சியைத் தடுப்பன.

ஒவ்வாத பொருளொன்று உடலுட் புகும்போது சிலருடைய உடலில் இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருள் மிகுதியாகத் தோன்றுகிறது. அது மாஸ்ட் செல்கள் எனப்படும் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. வீட்டுத் தூசியிலுள்ள நுண்பூச்சியோ பூந்தாதோ, அப்பொருள் மீண்டும் வரும்போது, அச்செல்கள் தம்முள் அடங்கிய இரசாயனங்களைக் கொட்டிவிடுகின்றன, மூச்சுக்குழல் இறுகுகிறது. ஓமாலிசுமாப் என்னும் ஊசி மருந்து, குருதியில் உலவும் அந்த இம்யூனோகுளோபுலினைப் பற்றிக்கொண்டு, அது மாஸ்ட் செல்லில் ஒட்டாதவாறு தடுக்கிறது. இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இது தோலுக்கடியிற் செலுத்தப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் 2002-இலும், அமெரிக்காவில் 2003-இலும், ஐரோப்பாவில் 2005-இலும் இம்மருந்து அனுமதி பெற்றது. நோயின் வேறு கண்ணிகளைத் தடுக்கும் மெப்போலிசுமாப் 2015-இலும், பென்ராலிசுமாப் 2017-இலும், டெசெபெலுமாப் 2021-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இவற்றால் விளையும் நன்மை பொய்யன்று. 2005-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மிகுந்த அளவு மருந்து உட்கொண்டும் நோய் அடங்காத 419 பேரின் நிலை 28 வாரங்கள் கணக்கிடப்பட்டது. ஓமாலிசுமாப் பெற்றவர்களிடம் கடுமையான இழுப்பு, பெறாதவர்களிடம் கண்டதில் ஏறக்குறையப் பாதியாகவே இருந்தது. தீமையும் முற்றிலும் இல்லாமலில்லை. ஊசி ஏற்றவர்களில் ஆயிரத்தில் ஓரிருவர்க்கு உயிருக்கே ஊறு செய்யவல்ல ஒவ்வாமை அதிர்ச்சி நேர்வதால், 2007-இல் அமெரிக்க அரசு மருந்துப் பெட்டியின் ஏட்டில் அதனைக் கட்டமிட்டு எச்சரிக்குமாறு செய்தது.

மருந்து வந்த வழி

இனி, இம்மருந்து நம் கைக்கு வருமுன் எவ்வெவ்வுயிர்களைத் தொட்டு வந்தது என்பதைக் காண்போம். இக்கணக்கைக் கூசாமற் பார்ப்பது நம் கடமையாகும்.

முதலாவது எலி. 1975-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர், ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் முறையைக் கண்டனர். அதற்காக அவர்கள் 1984-இல் நோபல் பரிசும் பெற்றனர். அம்முறையில், எலியின் உடலில் ஒரு பொருளைச் செலுத்தி, அது எதிர்ப்பொருளை ஆக்கத் தொடங்கியபின் அதன் மண்ணீரலை எடுத்துச் செல்களைப் பிரிப்பர். மண்ணீரலை ஈந்த எலி பிழைப்பதில்லை. ஓமாலிசுமாப் இவ்வாறு எலியினிடத்துத் தோன்றிய எதிர்ப்பொருளே; பின்னர் மனித உடல் ஏற்குமாறு அதன் பெரும்பகுதி மனிதப் புரதமாக மாற்றியமைக்கப்பட்டது.

இரண்டாவது ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்கு. 1957-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தியோடர் பக் என்னும் அறிவியலாளர், பெண் சீன ஹாம்ஸ்டர் ஒன்றின் கருவகத்திலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார். அச்செல்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பெருகிவருகின்றன. ஓமாலிசுமாப் அவற்றினுள்ளேதான் உற்பத்தியாகிறது.

மூன்றாவது குரங்கு. மனிதர்க்குத் தருமுன் நீள்வால் குரங்குகளுக்கு இம்மருந்து மிகுந்த அளவிற் செலுத்தப்பட்டது. அவற்றின் குருதியில் தட்டணுக்கள் குறைந்தன. இளங்குட்டிகளிடம் அக்குறைவு மிகுதியாக இருந்தது. கருவுற்ற குரங்குகளுக்கும் செலுத்திப் பார்த்தனர்.

எலியும் ஹாம்ஸ்டரும் குரங்கும் ஐம்பொறிகளும் நிறைந்த உயிர்கள். அஞ்சவும் நோகவும் வல்லவை. தம் துன்பத்துக்கு உடன்படவோ மறுக்கவோ அவற்றுக்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை. அறிவியலின் பயனை எவ்வளவு உயர்த்திப் பேசினும் இவ்வுண்மை மாறாது.

‘நாம் கொல்லவில்லையே’ என்னும் விடை

இவ்விடத்தில் நம்மவருட் சிலர், ‘அவ்வுயிர்களை நாமா கொன்றோம்? நடந்தது நடந்துவிட்டது, நாம் ஏற்பதால் அவை மீண்டும் சாவதில்லையே’ என்பர். இவ்வாதத்தில் ஒரு பங்கு உண்மை உண்டு. புலால் வாங்குவோன் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மற்றோர் உயிரின் கொலைக்கு வழிசெய்கிறான். இம்மருந்தின் ஒவ்வோர் ஊசிக்கும் புதிதாக ஒரு ஹாம்ஸ்டர் கொல்லப்படுவதில்லை. 1957-இல் எடுத்த செல்களே பெருகித் தொடர்கின்றன. ஆகவே புலால் வாங்குவதும் இம்மருந்தை வாங்குவதும் ஒன்றே என்று கூறுதல் முறையாகாது.

ஆயினும் நம் சமயம் வினையைச் செய்தவனோடு நிறுத்துவதில்லை. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்று வாயில்களையும், மனம், சொல், உடல் என மூன்று கருவிகளையும் அது கணக்கிற் கொள்கிறது. மருந்தை ஏற்பவர் அக்கொலையைச் செய்யவில்லை, செய்விக்கவும் இல்லை. ஆனால் ‘மனிதன் பிழைக்க வேண்டுமெனில் விலங்கு சாவதுதான் முறை’ என்று அவர் உள்ளத்துள் ஒருமுறை இசைந்துவிட்டால், மூன்றாவது வாயில் திறந்துவிடுகிறது. மருந்தை ஏற்பது வேறு; மருந்து வந்த வழியை ஏற்பது வேறு. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் எளிதன்று. நன்மை பெற்ற கை, நன்மை வந்த வழியையும் வணங்கத் தொடங்குவது மனித இயல்பு. அவ்வியல்பை எதிர்த்து நிற்பதே இங்கு நம் விரதத்துக்குரிய சோதனையாகும்.

‘முற்றிலும் விலக்குவோம்’ என்னும் விடை

மற்றொரு சாரார், ‘ஹிம்சையின் வழியே வந்தது எதுவும் வேண்டா’ என்பர். துறவு பூண்ட முனிவர் ஒருவர் தம் உடலைக் குறித்து இவ்வாறு முடிவெடுப்பாராயின் நாம் அவரைத் தொழுவோம். அவர் ஏற்றது மகாவிரதம். இல்லறத்தார் ஏற்றதோ அணுவிரதம். இயங்குகின்ற உயிர்களைக் கருதிக்கூட்டிக் கொல்லுகின்ற சங்கல்ப ஹிம்சையை அவர் முற்றும் விலக்க வேண்டும். இல்லம் நடத்துவதிலும் தொழில் செய்வதிலும் தற்காப்பிலும் நேர்வனவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். இவ்வேறுபாட்டை நம் நூல்கள் வகுத்தது இல்லறத்தார் குடும்பத்தைக் காக்கும் கடமையை உணர்ந்தேயாகும்.

மேலும், விலக்குவது யாருடைய மருந்தை என்பதையும் எண்ண வேண்டும். தன் மூச்சுக்குத் தானே முடிவு செய்வது ஒன்று. தன் குழந்தையின் மூச்சுக்கு முடிவு செய்வது மற்றொன்று. ஓமாலிசுமாப் 6 வயது நிறைந்த குழந்தைகளுக்கும் தரப்படுகிறது. நள்ளிரவில் நெஞ்சுக்கூடு உள்வாங்க, உதடு நீலம் பாரிக்க, ஒரு சொல்லும் பேச இயலாமல் அமர்ந்திருக்கும் குழந்தை எந்த விரதத்தையும் ஏற்றதில்லை. தந்தை ஏற்ற விரதத்தின் விலையை மகள் செலுத்துவாளாயின் அது விரதமாகாது. குரங்கு உடன்படாமல் துன்புற்றது தவறெனில், உடன்படாத குழந்தையைத் துன்புற விடுவதும் தவறே. காக்க இயன்றும் காவாத அசட்டையும் பிரமாதத்தின்பாற்படும். பிரமாதமே ஹிம்சையின் வேர் என்பது நம் சமயத்தின் முடிபு.

தொடர்ந்து விலக்குவோமாயின் எங்கு நிற்பது என்னும் இடரும் உண்டு. ஊசி மருந்து மட்டுமன்றி, ஸ்டீராய்டும் இன்ஹேலரும் விலங்குகளின்மேற் சோதிக்கப்பட்டே வந்தன. இக்கால மருந்துகளுள் அவ்வாறு வாராதது அரிது. ஒன்றை மட்டும் தீண்டாமல் மற்றவற்றைக் கேளாமல் விழுங்குவது நம் மனத்தை ஆற்றுமேயன்றி உயிர்களைக் காவாது.

நம் மரபு காட்டும் மூன்றாம் வழி

இவ்விரு விடைகளுக்கும் அப்பால் நம் மரபிலேயே ஒரு வழி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் உக்கிராதித்தியர் என்னும் சமண ஆசாரியர் ‘கல்யாணகாரகம்’ என்னும் வடமொழி மருத்துவ நூலை இயற்றினார். அக்கால மருத்துவத்தில் ஊனும் கள்ளும் தேனும் மருந்துப் பொருள்களாக வழங்கின. உக்கிராதித்தியர் அவற்றைக் கண்டு மருத்துவத்தையே வெறுத்து ஒதுங்கவில்லை; ‘மருந்துதானே, இருக்கட்டும்’ என்று வாளாவிருக்கவுமில்லை. அவற்றை நீக்கியே மருத்துவ முறையொன்றை வகுத்தார். ஊனுணவு வேண்டாமையை அரசவையிலும் எடுத்துரைத்தார். தமிழிலும் காரியாசானும் கணிமேதாவியாரும் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்துகளின் பெயரையே சூட்டினர். மருந்தும் அறமும் நம் முன்னோர்க்குப் பகையாயிருந்ததில்லை.

ஆகவே இன்று நாம் எழுப்ப வேண்டிய வினா, ‘இம்மருந்தை ஏற்பதா, மறுப்பதா’ என்பதோடு முடிவதில்லை. ‘இதனை ஆக்கும் வழியை எங்ஙனம் திருத்துவது’ என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

விலங்குச் சோதனை ஏன் வந்தது?

வழியைத் திருத்த விழைவோர், அவ்வழி ஏன் தோன்றியது என்பதை நேர்மையோடு அறிதல் வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் மருந்தை நச்சுத்தன்மையுள்ள ஒரு திரவத்திற் கரைத்து, எச்சோதனையும் செய்யாமல் விற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருட் பலர் குழந்தைகள். அதன் விளைவாக 1938-இல் கடுமையான சட்டம் வந்தது. பின்னர், போர்க்கால ஜெர்மனியில் கைதிகளின்மேல் மருத்துவர்கள் இழைத்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், 1947-இல் மனித ஆய்வுக்குரிய நெறிகளை வகுத்தது. மனிதனின் தன்விருப்பமான ஒப்புதல் இன்றியமையாதது என்பது அதன் முதல் நெறி. விலங்குச் சோதனையின் முடிவுகளை அடிப்படையாகக் கொண்டே மனித ஆய்வு நிகழ வேண்டும் என்பது மூன்றாவது நெறி. மனிதனின் ஒப்புதலைப் புனிதமாக்கிய அதே ஏடு, ஒப்புதல் கூற இயலாத உயிர்களை முன்வரிசையில் நிறுத்திவிட்டது. தீய உள்ளத்தால் விளைந்ததன்று இது, அச்சத்தால் விளைந்தது.

அவ்வச்சத்தை விலங்குச் சோதனை தீர்த்துவிட்டதா? 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லண்டனில், டி.ஜி.என். 1412 என்னும் புதிய எதிர்ப்பொருளை நலமுள்ள இளைஞர் அறுவர்க்குச் செலுத்தினர். இஃது ஆஸ்துமா மருந்தன்று. எனினும் அதே குலத்தைச் சேர்ந்தது. குரங்குகட்கு ஊறு செய்யாத அளவில் 500-இல் ஒரு பங்கே தரப்பட்டது. சில மணி நேரத்திற்குள் அறுவரும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சையில் வைக்கப்பட்டனர். நோயெதிர்ப்புச் செல்களில் குரங்குக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள ஒரு வேறுபாடு பின்னர்த் தெரியவந்தது. மனிதக் குருதியின் செல்களைக் கொண்டு தக்க முறையிற் செய்த சோதனை அவ்விளைவைப் பின்னர்க் காட்டவும் செய்தது. குரங்கு துன்புற்றும் மனிதன் காக்கப்படவில்லை. மனிதச் செல்லை முன்னரே தக்கவாறு கேட்டிருந்தால் இருவருமே காக்கப்பட்டிருக்கலாம்.

விலங்குச் சோதனை பயனற்றது என்று இதனால் நாம் சாதிக்க முயலவில்லை. அது பல நஞ்சுகளை முன்கூட்டியே காட்டியிருக்கிறது. அது பயனற்றதாக இருந்தால் நம் வினா இவ்வளவு கடினமாக இராது. பயன் இருந்தும் தவறாக இருக்கலாம் என்பதே நாம் எதிர்கொள்ள வேண்டிய உண்மை.

உடன்படவல்ல உயிர்

உயிர்களுள் மனிதன் ஒருவனே ‘இத்துன்பத்தை நான் ஏற்கிறேன்’ என்று அறிந்து சொல்லவல்லவன். ஒவ்வாமை பற்றிய அறிவே அவ்வாறு தொடங்கியது என்பது நினைக்கத்தக்கது. 1921-இல் ப்ராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவருள் கூஸ்ட்னர்க்கு மீன் ஒவ்வாது. அவர் குருதியின் நீரை ப்ராஸ்னிட்ஸ் தம் தோலிற் செலுத்திக்கொண்டு, மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றையும் ஏற்றிக்கொண்டார். தோல் தடித்து வீங்கியது. ஒவ்வாமை குருதியில் உலவும் ஒரு பொருளால் வருவது என்று இதனால் விளங்கிற்று. அப்பொருள் இன்னதென 1966-இல் டென்வரில் கண்டறிந்த இஷிசாகா தம்பதியரும் தம் தோலையே சோதனைக் களமாக்கினர். முயல்களையும் அவர்கள் பயன்படுத்தினர் என்பதை மறைக்க வேண்டா. எனினும் பிறவுயிர்மேல் ஏற்றுமுன் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் நேர்மை அவர்களிடம் இருந்தது.

அவ்வாறாயின் விலங்கை விடுத்து மனிதனையே முதலிற் சோதிக்கலாமே எனின், மனிதனும் உயிரே. 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஆஸ்துமாவின் இயல்பை அறியும் ஆய்வொன்றில் நலமுள்ள 24 வயதுப் பெண்ணொருவர் ஹெக்சமெத்தோனியம் என்னும் பொருளை உள்ளிழுத்து, நுரையீரல் பழுதுற்று இறந்தார். உள்ளிழுக்கும் மருந்தாக அப்பொருளுக்கு அரசின் அனுமதி இல்லை. ஒப்புதல் பெறும் தாளில் அஃது உரியவாறு விளக்கப்படவில்லை. உண்மையை முழுதும் அறியாமல் தந்த ஒப்புதல் ஒப்புதலாகாது. லண்டனில் துன்புற்றவர்க்கு ஆளுக்கு 2,000 பவுண்டு ஊதியம் பேசப்பட்டிருந்தது. வறியவரின் தேவையைக் கொண்டு வாங்கும் ஒப்புதலும் ஐயத்துக்குரியதே. எனவே, மனிதச் செல்களாலும் பிற கருவிகளாலும் முதலில் அறியக்கூடியன அனைத்தையும் அறிந்து, பிறகு மிகமிகச் சிறிய அளவில், ஒருவர்பின் ஒருவராக, உண்மையை முழுதும் உரைத்துப் பெற்ற ஒப்புதலோடு மனிதர்க்குச் செல்லுதலே முறை என்பது நம் கருத்து.

வெற்று ஊசியும் வாய்மையும்

மருந்தாய்வில் ஒரு பகுதியினர்க்கு உண்மையான மருந்தும் மற்றொரு பகுதியினர்க்கு மருந்தற்ற வெற்று ஊசியும் இடுவர். யார்க்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவர்க்கும் தெரியாது. இது வாய்மைக்கு மாறானதன்றோ என்று கேட்கலாம். ‘உமக்கு வருவது வெற்று ஊசியாகவும் இருக்கலாம்’ என்பதை முன்னரே கூறி அவர் இசைவைப் பெற்றுவிட்டால், அங்கே பொய் இல்லை. இருவரும் ஒப்பி மேற்கொண்ட ஒரு மௌனமே உள்ளது. ஆனால் அம்மௌனத்துக்கும் எல்லை உண்டு. ஆஸ்துமா ஆய்வுகளில் வெற்று ஊசி பெற்றவர்க்கும் வழக்கமான மருந்துகள் நிறுத்தப்படாமை வேண்டும். 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சிங்கி பிரகடனமும், பின்னர் அது பெற்ற திருத்தங்களும், கடும் ஊறு விளையுமிடத்து வெற்று மருந்தைத் தடுக்கின்றன.

வாய்மைக்கு இதனினும் பெரிய சோதனை, ஆய்வு தோற்றபின் வருகிறது. மெப்போலிசுமாப் மருந்தை ஆஸ்துமா நோயாளர் பலர்க்கும் பொதுவாகத் தந்து பார்த்த ஆய்வொன்று 2007-இல் வெளியானது, நோய் குறையவில்லை. அத்தோல்வி மறைக்கப்படாமையால், தவறு மருந்திலா, தேர்ந்த நோயாளரிலா என்று பிறர் எண்ணினர். ஈயோசினோபில் என்னும் வெள்ளணு மிகுந்தவர்களை மட்டும் தேர்ந்து, 61 பேரிடமும் 20 பேரிடமும் நடத்திய இரு சிறிய ஆய்வுகள் 2009-இல் பயனைக் காட்டின. தோல்வியை ஒளித்திருந்தால் அதே வழியில் மேலும் பல உயிர்களும் மனிதரும் வீணே துன்புற்றிருப்பர். ஆய்வின் முடிவை மறைத்தல் வெறும் பொய்யன்று. அது ஹிம்சையை ஈன்றெடுக்கும் பொய்.

நாம் செய்யத்தக்கன

இனி நம் முடிபைக் கூறுவோம். மற்ற மருந்துகளுக்கு அடங்காத கடும் ஆஸ்துமாவினால் துன்புறுவோர்க்கு, மருத்துவர் தக்கதென விதிக்குமிடத்து, இவ்வூசியை ஏற்பது இல்லறத்தாரின் விரதத்துக்குக் கேடன்று என்பது நம் கருத்து. ஆனால் ஏற்றதோடு கடன் தீர்ந்துவிடுவதில்லை; ஏற்றபின்னரே அது தொடங்குகிறது.

முதலாவதாக, இம்மருந்து தேவைப்படும் நிலை வாராமற் காத்தல் வேண்டும். அடுப்புப் புகை, புகையிலைப் புகை, தூசி இவற்றை இல்லத்தினின்று நீக்குதலும், இன்ஹேலரை நாளும் தவறாமல் முறையறிந்து பயன்படுத்துதலும் ஹிம்சையைக் குறைக்கும் செயல்களேயாம். இன்ஹேலர் பழகினால் விடமுடியாது என்னும் தவறான அச்சத்தால் அதனை ஒதுக்குவோர் இன்றும் உளர். ஆஸ்துமாவால் இறப்போருட் பெரும்பாலோர் வருவாய் குறைந்த நாடுகளில், நோய் இன்னதென அறியப்படாமலும் உரிய மருந்து கிட்டாமலும் இறப்பவர்கள். அவர்கட்கு வேண்டுவது விலைமிக்க புதிய ஊசியன்று, எளிய இன்ஹேலரே. ஔடத தானம் செய்ய விழையும் நம் சங்கங்கள் இதனைக் கருதுக.

இரண்டாவதாக, மாற்று வழிகளுக்குத் துணை நிற்றல் வேண்டும். மனித நுரையீரலின் செல்களைச் சிறு சில்லொன்றில் வளர்த்து, மூச்சின் அசைவையும் அதற்குத் தந்து சோதிக்கும் கருவியை 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்டனர். விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் தளர்த்தியது. விலங்கில்லாச் சோதனை முறைகளுக்கு இந்தியாவும் 2023-இல் தன் விதிகளில் இடமளித்தது. எதிர்ப்பொருள் மருந்துகளிலிருந்தே தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. உக்கிராதித்தியர் ஓலையில் தொடங்கிய பணி இன்று ஆய்வகத்திற் செய்யப்பட வேண்டியதாக இருக்கிறது. மருந்தியலும் உயிர்த் தொழில்நுட்பமும் பயிலும் நம் பிள்ளைகள் அதனை மேற்கொள்ளலாம். நம் அறக்கட்டளைகள் அவர்கட்குப் பொருளுதவி செய்யலாம்.

மூன்றாவதாக, முடிவெடுக்கும் இடத்தில் அமர்தல் வேண்டும். நம் நாட்டில் விலங்காய்வை அனுமதிக்கும் நிறுவனக் குழுக்களில் சமூக அக்கறையுள்ள வெளியார் ஒருவர்க்கும், மனித ஆய்வை அனுமதிக்கும் நெறிக்குழுக்களில் பொதுமக்கள் சார்பான ஒருவர்க்கும் இடமுண்டு. ‘இச்சோதனை முன்னரே செய்யப்பட்டதன்றோ? இத்தனை உயிர்கள் ஏன்? செல்லைக் கொண்டு அறியலாகாதா? ஒப்புதல் தாளில் உண்மை முழுதும் உள்ளதா?’ என்று கேட்கும் ஒரு குரல் அங்கு இருப்பின் சில உயிர்களேனும் பிழைக்கும். கற்றறிந்து ஓய்வு பெற்ற நம் பெரியோர்க்கு இதனினும் தக்க அபய தானம் யாது?

நான்காவதாக, தம் உடல்நிலையும் மருத்துவர் அறிவுரையும் இடங்கொடுக்குமாயின், ஆய்வில் தாமே பங்கேற்க முன்வருதலும் ஓர் அறமே. விலங்கின்மேற் சுமத்தாதீர் என்று கூறுவோர், உடன்படவல்ல தம் தோளையும் சிறிது கொடுத்தால்தான் அச்சொல்லுக்கு வலிமை உண்டாகும்.

இறுதியாக, இம்மருந்தை ஏற்கும் இல்லங்களில் அது வந்த வழியைக் குழந்தைகளிடமிருந்து மறைக்க வேண்டா. அச்சுறுத்தாமல், அறியத்தக்க வயதில் எடுத்துரைக்கலாம். தினமும் பிரதிக்கிரமணம் செய்வோர், தம் பொருட்டுத் துன்புற்ற எலியையும் ஹாம்ஸ்டரையும் குரங்கையும் அதில் நினைந்து பொறுத்தருள வேண்டலாம். அவ்வேண்டுதல் இறந்த உயிரை மீட்காது. ஆனால் நலம் பெற்ற குழந்தை, தன் மூச்சு யாருக்குக் கடன்பட்டது என்பதை அறிந்து வளரும். அவ்வாறு வளர்ந்தவருள் ஒருவரேனும் நாளை ஆய்வகத்தில் நின்று, உயிர் வருத்தாத மருந்தொன்றை ஆக்கக்கூடும். அம்மருந்து வரும் நாளில் ஔடத தானமும் அபய தானமும் மீண்டும் ஒரே கையால் அளிக்கப்படும்.

அறம் வளர்க!